யாரோடது? எத்தனை பேரோடது?

லார்ட்ஸ் மைதானத்துக்கு ஏன் லார்ட்ஸ் என்று பெயர்? எங்கள் வகுப்பு கிரிக்கெட் வெறியர்கள் பன்னிரண்டு பேரிடம் கேட்டேன். ஒன்பது பேர், "அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பிரபுக்கள் விளையாடின இடம்டா" என்றார்கள். இரண்டு பேர், "கங்குலி சட்டையைக் கழட்டிச் சுத்தின இடம்" என்றார்கள். (கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் 2002-ஐ மறக்காத பக்திக்கு அரை மார்க் போடலாம்.) ஒருத்தன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டே கேன்டீன் பக்கம் போய்விட்டான்.

பிரபுக்களுக்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தாமஸ் லார்ட் என்று ஒரு மனிதர். 1787-ல் லண்டனில் ஒரு மைதானம் போட்டார், அப்புறம் இரண்டு தடவை இடம் மாற்றினார், 1814-ல் இப்போது இருக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் பெயர் லார்ட், அதனால் அது லார்டோட மைதானம். நம்ம ஊரில் முருகன் என்பவர் நடத்தினால் "முருகன் கடை" என்கிறோமே, அதே கதைதான். எழுத்தில் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். காதில் விழுந்தால் தெரியவே தெரியாது. நாமெல்லாம் கமென்ட்ரியைக் காதால் கேட்டு வளர்ந்த கூட்டம் ஆச்சே.

அந்தக் குட்டிக் குறியைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். காற்புள்ளியைப் பிடித்து மேலே தொங்கவிட்ட மாதிரி இருக்கும், அப்பாஸ்ட்ரஃபி. ஆங்கில எழுத்தே போடாமல், குறியை மட்டும் தமிழ் எழுத்துக்கு நடுவில் செருகிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லார்ட்'ஸ் என்றால் ஒரு லார்டுடையது. லார்ட்ஸ்' என்றால் பல லார்டுகளுடையது. லார்ட்ஸ் என்று மொட்டையாக இருந்தால் வெறும் பன்மை. மூன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது (உங்களைப் பற்றி வேறு ஏதாவது சந்தேகம் வேண்டுமானால் வரலாம் :-)).

விதி என்னவோ சின்னதுதான். பன்மைச் சொல் எஸ் எழுத்தில் முடிந்தால், குறி அதற்குப் பின்னால் போகும். ஸ்டூடன்ட்ஸ்' யூனியன், டீச்சர்ஸ்' டே. எஸ்ஸில் முடியாத முரட்டுப் பன்மைகள் சில உண்டு. சில்ட்ரன், மென், விமன், பீப்பிள். இவற்றுக்குக் குறியைப் போட்டு, அப்புறம் எஸ். சில்ட்ரன்'ஸ் டே, விமன்'ஸ் காலேஜ். இதில் குறியை எஸ்ஸுக்குப் பின்னால் தள்ளினால், "குழந்தைகள்கள்" என்று ஒரு சொல் இருக்கிற மாதிரி ஆகிவிடும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ரெஸ்யூமே தட்டிக்கொண்டிருக்கும் சீனியர் மக்களுக்கு ஒன்று: டூ இயர்ஸ்' எக்ஸ்பீரியன்ஸ் என்று எழுதும்போதும் இதே குறி உண்டு. ஆங்கிலத்தில் காலத்துக்கும் அனுபவம் சொந்தம். ஒரு நாள் லீவ் என்றால் ஒன் டே'ஸ் லீவ், பத்து நாள் என்றால் டென் டேஸ்' லீவ். ஹண்ட்ரட் இயர்ஸ்' வார் என்று வரலாற்றில் படித்ததும் இந்த வகைதான். 2002-ல் வந்த "டூ வீக்ஸ் நோட்டீஸ்" என்ற ஹாலிவுட் படம் இந்தக் குறி இல்லாமலேயே போஸ்டர் அடித்தது. லின் டிரஸ் என்ற எழுத்தாளர் 2003-ல் நிறுத்தக்குறிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி அது சக்கைப்போடு போட்டது. அதில் இந்தப் படத்தின் பெயரையும் ஒரு பிடி பிடித்திருப்பார்.

விதி சின்னது என்றேனே தவிர, அது பழையது என்று நினைத்துவிடாதீர்கள். ஷேக்ஸ்பியர் காலத்து அச்சுப் புத்தகங்களில் உடைமைக்கு இந்தக் குறி பெரும்பாலும் இருக்காது. ஒருமைக்கான குறி மெல்ல நிலைபெற்ற பிறகுதான், பன்மைக்கு எஸ்ஸுக்குப் பின்னால் வைக்கும் வழக்கம் வந்தது. அதுவும் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில்தான் இறுகியது. அதாவது, "இதுகூடத் தெரியாதா?" என்று நம்மைப் பார்த்து உதட்டைச் சுழிக்கிறவர்களுடைய கொள்ளுத் தாத்தாவுக்குத் தாத்தாவுக்கும் இது தெரியாது. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

நமக்கு ஏன் இது மண்டையில் ஏறுவதில்லை என்று யோசித்துப் பார்த்தேன். காரணம் தமிழில்தான் இருக்கிறது. "மாணவர் விடுதி" என்று எழுதுகிறோம். எத்தனை மாணவர்? ஒருத்தர் என்றும் கொள்ளலாம், ஐந்நூறு பேர் என்றும் கொள்ளலாம். மரியாதைக்கு வருகிற "அர்" எது, பன்மைக்கு வருகிற "அர்" எது என்று அந்தச் சொல் வாயைத் திறக்காது. உருபு மறைந்து நிற்கிற வேற்றுமைத் தொகை. விரிக்கிறவர் விருப்பம். "ஆசிரியர் தினம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறோம். ஆங்கிலத்தில் அதையே எழுத உட்கார்ந்தால், ஒரு ஆசிரியரா, பல ஆசிரியர்களா என்று முடிவு செய்யாமல் பேனாவை எடுக்க முடியாது.

ஆனால் தமிழ் எண்ணவே எண்ணாது என்று சொல்லிவிட முடியாது. நன்னூல் ஆறாம் வேற்றுமைக்கு அது, ஆது, அ என்று மூன்று உருபு சொல்கிறது. முதல் இரண்டும் ஒருமைக்கு, மூன்றாவது பன்மைக்கு. எந்த ஒருமை, எந்தப் பன்மை? இங்கேதான் வேடிக்கை. உடையவரை எண்ணவில்லை, உடைமையை எண்ணுகிறது. எனது கை. என கைகள். ஒரு கை என்றால் "அது", பல கைகள் என்றால் "அ". அந்தக் கணக்கில் "எனது கைகள்" என்று எழுதுகிற நாம் அத்தனை பேரும் குற்றவாளிகள். ஆங்கிலம் சொந்தக்காரரை எண்ணுகிறது, பழந்தமிழ் சொத்தை எண்ணியது. இதைப் படித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், அன்றைக்கு முழுக்க ரூம்மேட்டைப் பிடித்து உட்காரவைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் அப்புறம் வேறு ரூமுக்கு மாறிவிட்டான். அதற்குக் காரணம் வேறு என்றுதான் சொல்கிறார்கள்.

சொந்தக்காரரை எண்ணுவது சில சமயம் எவ்வளவு அழகாக வரலாற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதற்கு இரண்டு கல்லூரிகள் சாட்சி. ஆக்ஸ்ஃபோர்டில் க்வீன்'ஸ் காலேஜ். 1341-ல் மூன்றாம் எட்வர்டின் ராணி பிலிப்பாவின் பெயரால் தொடங்கியது. ஒரே ராணி, அதனால் குறி எஸ்ஸுக்கு முன்னால். கேம்ப்ரிட்ஜில் க்வீன்ஸ்' காலேஜ். 1448-ல் ராணி மார்கரெட் தொடங்கி, 1465-ல் ராணி எலிசபெத் வுட்வில் மறுபடி நிறுவினார். இரண்டு ராணி, குறி எஸ்ஸுக்குப் பின்னால். இத்தனைக்கும் அந்த இரண்டு ராணிகளும், அரியணைக்காக அடித்துக்கொண்ட இரண்டு எதிர்க் கட்சி ராஜாக்களின் மனைவிமார். ஊரே ரத்தக்களரியான சண்டை அது. கல்லூரிப் பெயரில் மட்டும் ஒரு குறிக்கு முன்னால் இரண்டு பேரும் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது நான் நிஜமாகவே சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். மே மாதம் இரண்டாவது ஞாயிறு. மதர்'ஸ் டே.

இந்த நாளை இன்றைய வடிவத்தில் கொண்டுவந்தவர் அன்னா ஜார்விஸ் என்ற அமெரிக்கப் பெண். அவருடைய அம்மா ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் 1905 மே மாதம் இறந்துபோனார். 1908 மே 10-ஆம் தேதி, மேற்கு வர்ஜீனியாவில் கிராஃப்டன் என்ற ஊரின் தேவாலயத்தில் அம்மாவின் நினைவாக ஒரு வழிபாடு நடக்க ஏற்பாடு செய்தார். அம்மாவுக்குப் பிடித்த வெள்ளை கார்னேஷன் பூக்கள் ஐந்நூறு அனுப்பிவைத்தார். அப்புறம் கடிதம் கடிதமாக எழுதி, பார்க்கவேண்டிய ஆட்களைப் பார்த்து, கடைசியில் 1914-ல் அதிபர் உட்ரோ வில்சன் அதை நாடு முழுக்க அறிவிக்கும் வரை ஓயவில்லை. இடையில் 1912-லேயே "மதர்'ஸ் டே" என்ற பெயரைத் தன் சங்கத்தின் பெயரில் பதிவு செய்து வைத்துக்கொண்டார். அதில் குறி எங்கே இருக்க வேண்டும் என்பதில் அம்மணி படு கறார். எஸ்ஸுக்கு முன்னால். ஒருமை. உலகத்துத் தாய்மார்களுக்கெல்லாம் மொத்தமாக ஒரு கும்பிடு போடுகிற நாளாக அது இருக்கக் கூடாது, ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடைய ஒரே அம்மாவை நினைக்கிற நாளாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இதைப் படித்துவிட்டு ஆஹா என்றுதான் முதலில் இருந்தேன். அப்புறம் அந்த அம்மாவின் கதையைப் படித்தேன். மகள் வைத்த குறியைத் திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டியதாயிற்று.

ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர். அந்தக் காலத்துத் தொற்றுநோய்கள் அப்படி. 1850-களில் அவர் சுற்றுவட்டாரத்துப் பெண்களைத் திரட்டிக் குழுக்கள் ஆரம்பித்தார். மதர்ஸ்' டே ஒர்க் கிளப் என்று பெயர். தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா, பால் கெட்டுப்போனதா என்று பார்ப்பது, நோயாளி இருக்கிற வீட்டுக்கு ஒத்தாசை செய்வது, மருந்துக்குப் பணம் திரட்டுவது. உள்நாட்டுப் போர் வந்தபோது இரண்டு பக்கத்துச் சிப்பாய்களையும் இதே பெண்கள் கவனித்துக்கொண்டார்கள். போர் முடிந்து 1868-ல், ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட குடும்பங்களை ஒரே இடத்தில் கூட்டி ஒரு நட்பு நாள் நடத்தினார். அதன் பெயரிலும் மதர்ஸ்' தான். பன்மை.

அம்மாவின் பெயரில் குறி எஸ்ஸுக்குப் பின்னால் இருந்தது. தாய்மார்கள் ஒன்றுகூடி வேலை செய்கிற நாள். மகள் அதை ஓர் எழுத்து முன்னால் நகர்த்தினார். பிள்ளை தன் அம்மாவுக்கு நன்றி சொல்கிற நாள் ஆகிவிட்டது. முன்னதில் அம்மாக்கள் எதையோ செய்கிறார்கள். பின்னதில் அம்மா உட்கார்ந்து பூ வாங்கிக்கொள்கிறார். எனக்கு என்னவோ அந்தப் பெரியம்மா வைத்த இடம்தான் சரி என்று படுகிறது. மகள் மேல் கோபமெல்லாம் கிடையாது. பாவம், அவர் ஒருமையில் வைத்த அந்தத் தனிப்பட்ட நாளை பூக்கடைக்காரர்களும் வாழ்த்து அட்டைக்காரர்களும் மிட்டாய்க் கம்பெனிக்காரர்களும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதை எதிர்த்தே வாழ்நாளையும் சொத்தையும் கரைத்தார். தான் கொண்டுவந்த நாளையே ஒழிக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிற அளவுக்குப் போனார். 1948-ல் ஒரு மருத்துவ விடுதியில் இறந்தபோது கையில் காசில்லை.

இதில் நமக்கு ஒரு பங்கு உண்டு. தமிழில் அதை "அன்னை தினம்" என்றா சொல்கிறோம்? "அன்னையர் தினம்". தந்தையர் தினம். மகளிர் தினம். வேலன்டைன் என்ற தனிப்பட்ட ஒரு புனிதரின் நாளைக்கூட "காதலர் தினம்" ஆக்கிவிட்டோம். முதலில் மொழிபெயர்த்த பத்திரிகைக்காரர் யாரோ, அவருக்கு அன்னா ஜார்விஸின் பிடிவாதம் தெரிந்திருக்க நியாயமில்லை. தமிழ்க் காதுக்கு எது இனிமையோ அதை வைத்திருப்பார். அதன் பலன், மகள் ஒருமைக்கு நகர்த்தியதை நாம் சத்தமில்லாமல் மறுபடி அம்மாவின் பன்மைக்கே கொண்டுவந்துவிட்டோம்.

குறியே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே, குறி கிடையாது. முன்னாள் படைவீரர்களைக் கௌரவிக்கிற நாள்தானே தவிர அவர்களுக்குச் சொந்தமான நாள் இல்லை என்று அரசுத் துறையே விளக்கம் தருகிறது. அந்த நாட்டின் புவியியல் பெயர் வாரியம் 1890-ல் தொடங்கிய நாளிலிருந்தே ஊர், மலை, ஆற்றுப் பெயர்களில் இந்தக் குறியைப் பிடுங்கி வருகிறது. பெயராக நிலைத்துவிட்ட பிறகு உடைமை காட்டத் தேவையில்லை என்பது வாதம். விதிவிலக்காக இதுவரை விட்டுவைத்தவை ஐந்தே ஐந்து, மார்த்தா'ஸ் வின்யார்ட் அதில் ஒன்று. லண்டனிலோ எந்த வாதமும் கிடையாது. பிக்காடிலி லைனில் ஏர்ல்'ஸ் கோர்ட் ஸ்டேஷனுக்குக் குறி உண்டு, அடுத்த ஸ்டேஷன் பேரன்ஸ் கோர்ட்டுக்குக் கிடையாது. (மேப்பில் பார்த்ததுதான். நான் இதுவரை ரயிலில் போன அதிகபட்ச தூரம் திருப்பூரிலிருந்து ராமேஸ்வரம்.)

எனக்கு இந்த விஷயம் வெறும் வேடிக்கையாக இல்லாமல் போனது இண்டஸ்ட்ரியல் லா பேப்பரால். பி.காம். நண்பர்களுக்குத் தெரியும். 1923-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, வேலை செய்யும்போது அடிபட்டால் நஷ்டஈடு தருவதற்கானது. வொர்க்மென்'ஸ் காம்பன்சேஷன் ஆக்ட் என்றுதான் எண்பது வருஷத்துக்கும் மேலாக அதற்குப் பெயர். பெண்களும் அந்த "மென்" உள்ளேயே அடங்கிக்கொள்ள வேண்டும். 2009-ல் திருத்தம் வந்து, 2010 ஜனவரியிலிருந்து அது எம்ப்ளாயீ'ஸ் காம்பன்சேஷன் ஆக்ட் ஆனது. ஆண்பால் போனது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கூடவே பன்மையும் போனதை யாரும் சொல்வதில்லை. குறி எஸ்ஸுக்கு முன்னால், ஒரே ஒரு தொழிலாளி. ஆனால் 1948-ன் இ.எஸ்.ஐ. சட்டத்திலும் 1952-ன் பி.எஃப். சட்டத்திலும் எம்ப்ளாயீஸ்', குறி பின்னால். இவற்றையெல்லாம் 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடைத்து, 2025 நவம்பரில் அதை நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். எங்களுக்கு என்னவோ பழசு புதுசு இரண்டையும் படிக்க வேண்டிய தலையெழுத்து.

சட்டம் எழுதினவர்கள் யோசித்துத்தான் இப்படி வைத்தார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வைத்த இடம் எனக்குப் பொருத்தமாகவே தெரிகிறது. அடிபடுவது ஒருத்தர். ஊசி ஏறுவது ஒரு விரலில். எங்கள் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், அந்த விரலை நான் பார்த்திருக்கிறேன். நிதி என்பதோ பல பேருடைய சம்பளத்தில் பிடித்துச் சேர்வது. அதற்குப் பன்மைதான் சரி.

அந்தப் பன்மையை ஒரு தடவை கண்ணால் பார்த்தேன். 2023 ஜனவரி, நான் ப்ளஸ் டூ. அம்மாவின் பி.எஃப். பாஸ்புக்கை போனில் திறந்து பார்த்தபோது முந்தைய ஆகஸ்டுக்கு அப்புறம் ஒரு வரவும் இல்லை. சம்பளச் சீட்டில் மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள். அம்மா கம்பெனியில் போய்க் கேட்டிருக்கிறார். "உனக்கு மட்டும் கம்ப்யூட்டர்ல ஏதோ பிரச்சனைம்மா, சரியாயிரும்" என்று பதில். அம்மா எட்டாவது வரை படித்தவர், ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் அங்கேயே நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "எனக்கு மட்டுந்தானுங்களா, இல்ல எல்லாத்துக்குமுங்களா?"

அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே லைனில் வேலை செய்கிற நாலு அக்காக்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொருவர் போனையும் வாங்கி, ஓ.டி.பி. கேட்டு, பாஸ்புக்கைத் திறந்து பார்த்தேன். அஞ்சு பேருக்கும் ஆகஸ்டோடு நின்றிருந்தது. "பாருங்க, எனக்கு மட்டும்னு நெனச்சு ரெண்டு மாசமா யாருகிட்டயும் சொல்லாம இருந்தேன்" என்றார் ஒரு அக்கா. அதுதான் அந்த "உனக்கு மட்டும்" என்பதன் வேலை. ஒருத்தருக்கு மட்டும் என்றால் அது தவறுதல், காத்திருக்கலாம். அஞ்சு பேருக்கும் என்றால் தவறுதல் என்று சொல்ல முடியாது. புகார் ஆங்கிலத்தில் எழுதினேன். எம்ப்ளாயீஸ்' கான்ட்ரிப்யூஷன் என்று எஸ்ஸுக்குப் பின்னால் குறி வைத்து, கீழே அஞ்சு பேருடைய பெயரும் எண்ணும். பி.எஃப். புகார் தளத்தில் ஏற்றினோம். நாலு மாதத்தில் பணம் ஏறியது. அம்மா அந்த வருஷமே வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்.

கல்லூரிக்கு வந்த பிறகுதான், கிட்டத்தட்ட இதே கேள்வி ஆஸ்திரேலியாவில் நீதிமன்றம் ஏறிய கதையைப் படித்தேன். நியூ சவுத் வேல்ஸில் ஒரு ரியல் எஸ்டேட் ஏஜென்ட் 2020-ல் ஃபேஸ்புக்கில் ஒருவரைத் தாக்கி எழுதினார். கோடி கோடியாக வீடு விற்கிறவரால் எம்ப்ளாயீஸ் சூப்பரானுவேஷன் கட்ட முடியவில்லையாம். சூப்பரானுவேஷன் என்றால் நம்ம பி.எஃப். மாதிரி ஓய்வுக்கால நிதி. குறியே வைக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பதிவை நீக்கியும்விட்டார். ஆனாலும் அவதூறு வழக்கு வந்தது. நான் சொன்னது ஒரே ஒரு ஊழியரை, அதாவது என்னை, என்பது அவர் தரப்பு. 2021 அக்டோபரில் நீதிபதி, வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டார். ஒரு ஊழியருக்குக் கட்டாமல் விட்டது என்றால் துரதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளலாம், பல பேருக்குக் கட்டவில்லை என்று படித்தால் அது திட்டமிட்டுச் செய்வது போலத் தொனிக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு அக்காக்கள் உட்கார்ந்து கண்டுபிடித்ததும் இதையேதான்.

இதற்காக, குறி தப்பாகப் போட்டவர்களையெல்லாம் துரத்த வேண்டும் என்கிற கட்சியில் நான் சேர மாட்டேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு மனிதர் ராத்திரி ராத்திரி கிளம்பி, நீளக் கம்பு ஒன்றைச் சொந்தமாகச் செய்து வைத்துக்கொண்டு, கடை போர்டுகளில் தப்பான அப்பாஸ்ட்ரஃபியை ஒட்டி மறைப்பதும் விட்டுப்போனதை ஒட்டிச் சேர்ப்பதுமாகப் பல வருஷம் திரிந்ததை 2017-ல் பி.பி.சி. காட்டியது. 2024-ல் வடக்கு யார்க்ஷயர் கவுன்சில், கம்ப்யூட்டர் தகவல் தொகுப்பில் சிக்கல் வருகிறது என்று தெருப் பெயர்ப் பலகைகளில் குறியை விட்டுவிட, செயின்ட் மேரி'ஸ் வாக் என்ற தெருவில் யாரோ மார்க்கர் பேனாவால் அதை வரைந்து வைத்தார்கள். கடைசியில் கவுன்சிலே பின்வாங்கியது. தன் தெருவின் பெயருக்காக இப்படி ஒட்டுவதும் வரைவதும் எனக்குப் பிடித்தே இருக்கிறது, ஊர்க்காரர் உரிமை அது. ஆனால் நம்ம ஆட்கள், "லேடிஸ் டெய்லர்" போர்டைப் போட்டோ எடுத்துப் போட்டு, குறி எங்கே என்று கேட்டுச் சிரிக்கிறார்களே, அதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்த போர்டைப் பார்த்து, இந்தக் கடையில் ஒரே ஒரு லேடிக்குத்தான் தைப்பார்கள் என்று திரும்பிப் போன பெண் யாராவது உண்டா? எழுதினவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவில் சந்தேகமே எழாத இடத்தில் குறி வெறும் அலங்காரம். சம்பளச் சீட்டு, உயில், ஒப்பந்தம், புகார் மனு என்று சந்தேகம் காசாக மாறுகிற இடத்தில் சிரிப்பவர்கள் உட்கார்ந்து உதவினால் புண்ணியமாகப் போகும். அங்கே மட்டும் ஏனோ யாரும் போட்டோ எடுக்க வருவதில்லை.

உயில் என்றதும் ஒன்று சொல்கிறேன். "என் சன்'ஸ் சில்ட்ரன்" என்று எழுதினால் ஒரு மகனுடைய பிள்ளைகளுக்கு மட்டும் சொத்து. "என் சன்ஸ்' சில்ட்ரன்" என்றால் எல்லா மகன்களின் பிள்ளைகளுக்கும். மகளின் பிள்ளைகளுக்கு இரண்டிலும் ஒன்றும் கிடையாது, அது வேறு பஞ்சாயத்து.

போன வாரம் எங்கள் துறை மாணவர் சங்கத்துக்கு போர்டு எழுதக் கொடுத்தார்கள். ஃப்ளெக்ஸ் வேண்டாம், தகரத்தில் கையால் எழுதினால் மழைக்குத் தாங்கும் என்று முடிவாகி, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற பெயின்டர் அண்ணனிடம் நான் போனேன். அவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர். காமர்ஸ் ஸ்டூடன்ட்ஸ்' அசோசியேஷன் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக எண்ணிக்கொண்டே வந்தவர், அந்தக் குறியில் வந்து நின்றார்.

"இது என்ன தம்பி, பேனா சிந்திருச்சா?"

"இல்லண்ணா, அது வரணும். எஸ்ஸுக்குப் பின்னாடி."

"எதுக்கு?"

"சங்கம் நெறைய பேரோடதுன்னு காட்டறதுக்கு."

தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "சரி, அதுக்குக் காசு வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.